தியோதித்லான் குறிப்புகள்

நெடுஞ்சாலையை விட்டுத் திரும்புகிறேன். லாரிகளின் இரைச்சல் முதுகுக்குப் பின்னால் தேய்கிறது.

இனிச் சைக்கிள் சக்கரத்தின் சத்தம்.


தியோதித்லான் தெல் வாயே. தெற்கு மெக்சிகோ, வஹாக்கா மாநிலம். சாபோதெக் மக்களின் ஊர். நெசவு ஊர்.

இன்னும் நான்கு கிலோமீட்டர். ஏற்றம் கண்ணுக்குத் தெரியவில்லை. தொடைக்குத் தெரிகிறது.


கடல்மட்டத்துக்கு மேல் 1,600 மீட்டரைத் தாண்டிய நிலம். மூச்சு சிறுக்கிறது.

அதை நீட்ட முயலவில்லை.


மக்காச்சோளத் தட்டை வெயிலில் காய்கிறது. வரப்போரம் பெரிகோன் பூத்திருக்கிறது. பொடிப்பொடியாய் மஞ்சள்.

இலையைக் கசக்குகிறேன். சோம்பு வாசம்.

இந்தச் செடியைக் கொதிக்கவைத்துத்தான் கம்பளிக்கு மஞ்சள் ஏற்றுகிறார்கள். வாசம் விரலோடு வருகிறது.


வேலிக்குக் கள்ளி. நெட்டுக்குத்தாய், நெருக்கமாய். கம்பி இல்லை.

உள்ளே யாரோ விறகு முறிக்கிறார்கள்.


கல் பாவிய தெரு. கைப்பிடி அதிர்கிறது. பல் அதிர்கிறது.

இறங்கித் தள்ளுகிறேன்.


சைக்கிளில் சக்கரமும் காற்றும் மட்டும் கேட்டன. நடக்கையில் ஊர் கேட்கிறது.

வான்கோழி. மாவு மில். சுவருக்கு அந்தப் பக்கம் மரத்தில் மரம் மோதும் ஓசை. தறி.


காலைச் சந்தை. கூடையோடு பெண்கள். சாபோதெக்கில் பேச்சு.

ஒரு சொல்லும் புரியவில்லை. விலை சொல்லும் குரல் வேறு, நலம் விசாரிக்கும் குரல் வேறு. அது தெரிகிறது.


எதிரே வருகிறவர்கள் முகம் பார்த்து வாழ்த்துகிறார்கள். ‘புவெனோஸ் தியாஸ்.’

நானும் சொல்கிறேன். அடுத்தவருக்கு இன்னும் கொஞ்சம் தெளிவாக.


தேவாலயச் சுவரில் சில கற்கள் மட்டும் வேறு மாதிரி. செதுக்கியவை. முன்பு இங்கே நின்ற சாபோதெக் கோயிலின் கற்கள். இடித்துவிட்டு அவற்றையே எடுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

ஒன்றின் மேல் கை வைக்கிறேன். வெயில் விழுந்த பக்கம் சுடுகிறது. குழிவுக்குள் குளிர்ச்சி.

கோபம் ஒன்று எழுகிறது. எழுந்ததைப் பார்க்கிறேன்.


ஒரு முற்றம். சப்பாத்திக்கள்ளி மடல்கள் வரிசையாய்த் தொங்குகின்றன. மடலின் மேல் திட்டுத்திட்டாய் வெள்ளை, பூசணம் பிடித்ததுபோல்.

வீட்டுப் பாட்டி நகத்தால் ஒரு துளி வெள்ளையை எடுக்கிறார். என் உள்ளங்கையில் வைத்து நசுக்குகிறார்.

சிவப்பு.


கோச்சினீல் பூச்சி. நிறம் தருவது பெண் பூச்சி. காய்ந்தது ஒரு கிலோ சேர 1,00,000-க்கும் மேல் வேண்டும்.

ஸ்பெயின் ஆண்ட காலத்தில் இங்கிருந்து கப்பலேறியவற்றில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்கு. 19ஆம் நூற்றாண்டில் செயற்கைச் சாயம் வந்தது. விலை விழுந்தது.

பூச்சி அதே மடலில் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.


பாட்டி எலுமிச்சை பிழிகிறார். சிவப்பு, ஆரஞ்சாகிறது.

இன்னோர் ஓரத்தில் சுண்ணாம்பு. ஊதா.

கை ரேகைகளுக்குள் மூன்றும் ஓடுகின்றன. கையை மூட மனமில்லை.


உள்ளே அவர் மகன் நெய்கிறார். நின்றபடியே மிதிக்கிறார்.

செம்மறியும் மிதிதறியும் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு வந்தவை. நெசவு அதற்கும் முந்தியது. அப்போது பருத்தி.


ஊடை. அடி.

ஊடை. அடி.

பாவில் கோடு ஏதும் வரையவில்லை. உதடு அசைகிறது. இழைகளை எண்ணுகிறார்.

சிவப்பு நூல் முடிகிறது. மஞ்சளை எடுக்கிறார். பெரிகோன்.


ஒரு விரற்கடை துணி வளர்ந்திருக்கிறது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

வாங்க வேண்டுமோ என்று ஓர் எண்ணம். அது போகிறது. கால் வலி. அது இருக்கிறது.


வெளியே வெளிச்சத்தில் கண் கூசுகிறது. கைப்பிடியில் ஊதாக் கறை.


ஊருக்கு மேலே அணை. கரையோரம் சேறு வெடித்துக் கிடக்கிறது. நடுவில் நீர். நீரில் மலை.


அணைக்கு அப்பால் மண் சாலை. பெனிட்டோ ஹுவாரெஸ் என்ற மலைக்கிராமம் வரை ஏறுகிறது. அங்கே பைன் காடு. ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம்.

ஆடு மேய்ப்பவர் ஒருவர் கையை உயர்த்தி அந்தத் திசையைக் காட்டுகிறார். போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று கேட்கிறேன்.

என்னைப் பார்க்கிறார். சைக்கிளைப் பார்க்கிறார். நடந்தா, இதிலா என்று கேட்கிறார்.