சங்கற்பத்தின் கட்டு

இது தீது என்று அறிந்தும், இனி அதைத் தீண்டலாகாது என்று உள்ளம் உருகச் சங்கற்பம் செய்துகொண்டும், யாரோ பலவந்தமாகப் பிடித்து இழுத்ததுபோல மனிதன் மறுபடியும் அதனிடமே ஏன் போய் விழுகிறான் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் கேட்கிறான். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலர் அதே கேள்வியைத் தம் சொந்த நெஞ்சின் முறையீடாகவே எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு மிகவும் முற்பட்ட அரிஸ்டாட்டிலும் தமது ஒழுக்க நூலில் அதற்கு நீண்ட இடம் ஒதுக்கியிருக்கிறார். இத்தனை பெரியவர்கள் மனத்தை வருத்திய அந்தக் கேள்வி, 1986-ஆம் ஆண்டில், இங்கிலாந்துப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து மாலையில் பார்க்கும் தொலைக்காட்சி நாடகம் ஒன்றில், ஒரு பள்ளிப் பையனின் உருவத்தில் வந்து நின்றது.

‘கிரேஞ்ச் ஹில்’ என்பது அந்நாடகத்தின் பெயர். பில் ரெட்மண்ட் என்ற எழுத்தாளரின் கற்பனையில் உதித்து, 1978 பிப்ரவரியில் பி.பி.சி.யில் தொடங்கி, 2008 வரை முப்பது ஆண்டுகள் நடந்த அது, லண்டன் மாநகரில் இருப்பதாகக் கற்பிக்கப்பட்ட ஒரு சாதாரணப் பொதுப் பள்ளியின் கதை. பழைய ஆங்கிலப் பள்ளிக் கதைகள் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளிகளையே சுற்றி வந்திருக்க, இதிலோ உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பேச்சையே பேசிக்கொண்டு வந்தார்கள். தொடக்கத்தில் சித்திரக் கதைக் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவற்றின் நடுவே முள்கரண்டியில் குத்திய சாஸேஜ் துண்டு ஒன்று பறந்து வரும். சாப்பாட்டுக் கூடத்தின் இரைச்சல் முழுவதும் அந்த ஒரு துண்டிலே கேட்டுவிடும். அப்படி விளையாட்டாகத் தொடங்கும் நாடகம், வலுத்தவன் இளைத்தவனை வதைப்பதையும், நிறத்தைக் காட்டி இழிவு செய்வதையும், உடன் படிக்கும் பையன் நீச்சல் குளத்தில் மாண்டுபோவதையும் மூடி மறைக்காமல் காட்டியது.

இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று பெற்றோர் பலர் சினந்தார்கள். இளஞ்செவியில் எந்தக் கதை விழலாம் என்பதற்குப் பிளேட்டோ வேலி போட்டார். சோதனையின் முகத்தையே பாராத நற்குணத்தை நற்குணமாகக் கொள்ளலாகாது என்று 1644-இல் மில்டன் வாதித்தார். என் மனம் மில்டனின் பக்கம் சாய்கிறது. ஆயினும் இந்நாடகம் எழுப்பிய மெய்யான கேள்வி அந்த வழக்கைவிட ஆழமானது.

ஸாமோ மெக்வயர் என்ற பையனை 1982 முதல் பிள்ளைகள் அறிவார்கள். துடுக்குண்டு, சிரிப்புண்டு, துஷ்டத்தனம் இல்லை. அப்படிப்பட்டவனைத்தான் 1986-இல் ஹெராயின் பற்றிக்கொண்டதாகக் கதை அமைத்தார்கள். துர்ப்புத்தியுள்ள ஒருவனை அந்த இடத்தில் வைத்திருந்தால், பார்க்கும் பிள்ளை ‘இவன் வேறு, நான் வேறு’ என்று நிம்மதியாக உறங்கப் போயிருக்கும். ஸாமோவோ, தான் நேசிப்பவர்களிடமே பொய் சொல்லி, அவர்கள் பொருளுக்கே ஆசைப்பட்டு, அவர்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவும் கூசுகிறான்; அந்தக் கூச்சமே அவனுக்கு நன்மை இன்னதென்று நன்றாகத் தெரியும் என்பதற்குச் சாட்சி. அறியாமையால் கெட்டவனுக்குக் கண்ணைத் திறந்துவிட்டால் போதும். கண் திறந்திருக்கும்போதே கால் வேறு திசையில் நடந்துகொண்டிருப்பவனுக்கு யார் என்ன செய்வது?

அதே ஆண்டில், நாடகத்தில் நடித்த பிள்ளைகள் கூடி ‘ஜஸ்ட் ஸே நோ’ என்ற பாட்டைப் பாடினார்கள். ஸாமோவாக நடித்த லீ மெக்டொனால்டும் அவர்களில் ஒருவர். ‘வேண்டாம் என்று சொல்லிவிடு’ என்ற அந்த உபதேசம் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி நான்ஸி ரீகன் நாடெங்கும் பரப்பிவந்தது. பாட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம்வரை ஏறியது. பிள்ளைகள் வெள்ளை மாளிகைக்கும் போய்வந்தார்கள். நல்ல எண்ணத்தோடு நடந்த காரியம் அது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இன்னும் தொடாத பிள்ளைக்கு அந்தச் சொல் ஒரு கவசமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஸாமோவுக்கு? வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நாவும், அந்த நாவை ஏவ வேண்டிய சித்தமுமே பிணிப்பட்டுக் கிடக்கையில், ‘சொல்லிவிடு’ என்பது முடவனை நோக்கி எழுந்து நட என்பதுபோல் ஆகிறதே! அவ்வாறு சொல்லி ஒருவனை நடக்கவைக்க ஒரு தெய்விக வல்லமை வேண்டும். வெறும் வாக்கியத்துக்கு அந்த வல்லமை இல்லை. அதைவிடக் கொடிது, எழ முடியாதவனை அந்த வாக்கியமே குற்றவாளியாக்கிவிடுகிறது: ஒரு சொல்தானே, அதைக்கூடச் சொல்லாத நீ என்ன மனிதன் என்று உலகம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. பாட்டுக்குத் தெரியாத இந்த உண்மை, அது பிறந்த நாடகத்துக்குத் தெரிந்திருந்தது என்றே நான் கருதுகிறேன்.

அர்ஜுனனுக்குக் கிடைத்த விடை காமமும் குரோதமும் என்பது; ஆனால் அவ்விரண்டின் பெயரைச் சொன்னதோடு கண்ணன் தேரை விட்டு இறங்கிப் போய்விடவில்லை, கடிவாளத்தைப் பிடித்தபடி உடனிருந்தான். பவுலோ தம்மைத் தாமே விடுவித்துக்கொள்ள இயலாது என்று கண்ட பிறகே கிருபையைப் பேசத் தொடங்குகிறார். சங்கற்பம் தன்னந்தனியாக நிற்கக்கூடிய ஒரு தூண் என்று நாம் எண்ணிவிட்டோம். அது கொடியைப் போன்றது, பக்கத்தில் ஒரு கொம்பு நட்டால்தான் நிமிரும். வைதிகரும் கிறிஸ்தவரும் வேறு எதில் மாறுபட்டாலும், கட்டுண்டவனுக்கு வெளியிலிருந்து ஒரு கை நீள வேண்டும் என்பதில் மாறுபடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

நாடகத்தில் அந்தக் கை யாருடையது என்று பாருங்கள். ரோலண்ட் என்று ஒரு பருத்த பையன். பள்ளியில் சேர்ந்த நாள் தொட்டுப் பிறர் கேலிக்கும், கிரிப்பர் என்ற முரடனின் மிரட்டலுக்கும் ஆளாகி, காசு கொடுத்துக் கொடுத்து அழுதவன். காசு போட்டு விளையாடும் இயந்திரங்கள் நிறைந்த விளையாட்டுக் கூடம் ஒன்றின் பின்னறைக்கு அவன்தான் போகிறான். அங்கே சுவரோரம் சரிந்து, தன்னினைவு தப்பிய கண்களோடு ஸாமோ கிடக்கிறான். ரோலண்ட் வாசற்படியில் நின்று அவனைப் பார்க்கிறான்.