காட்டப்படாத கணக்கு

வாலாஜாபாத்துக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூர்க் கோயிற் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகளை இன்றும் காணலாம். வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வு பெற இயலாது. தந்தை, மகன் உள்ளிட்ட அவருடைய உறவினருக்கும் அத்தகுதி இல்லை. ஒருவர் காட்டத் தவறிய கணக்கு அவருடைய பிள்ளையின்மீதும் விழுந்தது.

இன்று கணக்கையே தொழிலாகக் கொண்ட பெற்றோரை எண்ணும்போது இவ்விதி நம் நினைவுக்கு வருகிறது. 2024ஆம் ஆண்டில் உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 31 அன்று, நிதியாண்டின் இறுதி நாளில் அமைந்தது. அரசுக் கணக்குகளைக் கையாளும் வங்கிக் கிளைகளை அந்த ஞாயிறன்றும் திறந்துவைக்குமாறு ரிசர்வ் வங்கி பணித்தது. பிள்ளைகள் புத்தாடை அணிந்திருந்த அந்நாளிலும் கணக்காளர் பலருக்கு ஓய்வில்லை.

இத்தொழில் இழிவானதன்று. சுங்கச் சாவடியிலிருந்து அழைக்கப்பட்ட புனித மத்தேயுவைக் கணக்காளரின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றுகிறது. நேர்மையான கணக்கு, தொழிலாளியின் கூலியையும் ஏழையின் சேமிப்பையும் காக்கிறது. ‘பிள்ளைக்காகத்தானே உழைக்கிறோம்’ என்னும் சொல்லிலும் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மையா?

வணிகத்தில் ஏற்பட்ட இழப்பை எட்டு ஆண்டுகள்வரை முன்னெடுத்துச் சென்று ஈடுசெய்ய வருமான வரிச் சட்டம் இடமளிக்கிறது. குழந்தைப் பருவத்துக்கு அத்தகைய சலுகை இல்லை. ஐந்து வயதில் மகள் சொல்ல வந்த கதையைப் பதின்மூன்று வயதில் கேட்க அமர்ந்தால், சொல்ல அவளிடம் அக்கதை இராது.

அப்படியாயின் குற்றவாளி யார்? தந்தை தாமதமாக வந்தால் ‘உழைப்பாளி’ என்கிறோம். தாய் தாமதமாக வந்தால் ‘பொறுப்பற்றவள்’ என்கிறோம். 2017ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கான பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் குழந்தைக் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. தந்தைக்கோ அது விடுப்பு எதையும் வகுக்கவில்லை. பிள்ளை தாயின் பொறுப்பு மட்டுமே என்ற நம் பழைய எண்ணம் அதிலும் தொனிக்கிறது.

பங்குப் பணியாளராகிய நாமும் இதில் நீங்கியவரல்லர். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 537ஆம் பிரிவு. அக்குழுவுக்குக் கணக்கறிந்தவரையே தேடுகிறோம். ஆறு நாள் அலுவலகத்துக்குக் கொடுத்தவரை ஏழாம் நாள் திருப்பலி முடிந்ததும் பேரேட்டின் முன் அமர்த்துகிறோம். அவருடைய குழந்தை தாழ்வாரத்தில் காத்து நிற்பதைக் கண்டும் காணாதவர்போல் இருந்திருக்கிறோம்.

ஆகவே, அறிவுரையை நம்மிடமிருந்தே தொடங்குவோம். ஞாயிறன்று எவரையும் கணக்குக்கு அழையாதிருப்போம். ஆண்டிறுதி வாரங்களில் தாய்க்கு வேலை மிகுந்தால் தந்தை வீட்டைத் தாங்கட்டும். தந்தைக்கு மிகுந்தால் தாய் தாங்கட்டும். இருவருக்கும் மிகுந்தால் பாட்டியரும் அண்டை வீட்டாரும் கைகொடுக்கட்டும். வேலை குறைந்த மாதங்களிலேனும் மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைக்கென்றே ஒதுக்கப்படட்டும்.

பிள்ளைகள் நம்மிடம் கணக்குக் கேட்பதில்லை. அதனாலேயே அதை நாமாகக் காட்டக் கடமைப்பட்டுள்ளோம்.