பாக்கி யார் பெயரில்?

சட்டசபையின் கூட்டத் தொடர் முடிவதற்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. மார்க்கத்தின் பெயரால் ஒரு சட்டம் வேண்டுமென்று பல ஆண்டுகளாக மகஜர் எழுதியும், தூதுக்குழு அனுப்பியும், கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டும் வந்தவர்கள் வெளியே காத்து நிற்கின்றனர். உள்ளிருந்து ஒருவர் வந்து, "இந்த ஒரு ஷரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றவற்றை இந்தத் தொடரிலேயே நிறைவேற்றித் தருகிறோம். முடியாதென்றால் மசோதா இத்துடன் போயிற்று" என்கிறார். காத்து நின்றவர்கள் என்ன பதில் சொல்வது?

சட்டம் செய்யும் சபைகள் இருக்கும் நாடுகளிலெல்லாம், எல்லாச் சமயத்தாருக்கும் இந்த நெருக்கடி வந்திருக்கிறது, இனியும் வரும். நம்மில் ஒரு சாரார், "ஆண்டவன் கட்டளையில் பேரம் ஏது? முழுவதும் கொடு, அல்லது ஒன்றும் வேண்டாம்" என்பார்கள். இன்னொரு சாரார் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேரச் சொல்வார்கள். "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று கடையில் பலகை மாட்டிப் பழகிய நமக்கு இரண்டாவது பேச்சே இனிக்கும். இரு சாராரும் ஒன்றை விசாரிக்க மறந்துவிடுகிறார்கள் என்பதே நமது அபிப்பிராயம். பேரத்தில் விடப்படும் அந்தச் சரக்கு யாருடையது?

கடை கட்டும் நேரத்தில் மிஞ்சிய சரக்கை விலை குறைத்துத் தள்ளிவிடுவது வியாபாரிக்குத் தெரியாத வித்தையன்று. சரக்கு அவனுடையது, நஷ்டமும் அவனுடையது, கேட்பார் யாருமில்லை. ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் நம்பி ஒப்படைத்த சரக்கைத் தரகுக்கு விற்றுக் கொடுப்பவன் அப்படிச் செய்ய முடியுமா? பொழுது சாய்ந்துவிட்டது என்பது அவனுக்குச் சமாதானம் ஆகாது. அது அமானிதம். அவன் குறைத்து விற்ற காசு உடையவருக்கு அவன் பட்ட கடனாக அவன் பெயரிலேயே ஏட்டில் ஏறும்.

ஹிஜ்ரி 6-ம் ஆண்டு ஹுதைபிய்யாவில் நடந்த உடன்படிக்கையை நம் பேச்சாளர்கள் இவ்விஷயத்தில் அடிக்கடி எடுத்துக் காட்டுவதுண்டு. நாயகம் (ஸல்) அவர்களே விட்டுக்கொடுத்தார்களே, நாம் எம்மாத்திரம் என்பது அவர்கள் வாதம். அன்று விடப்பட்டவை எவை என்று சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பத்திரத்தில் "அல்லாஹ்வின் தூதர்" என்று எழுதப்பட்டதற்குக் குறைஷிகளின் தூதுவர் சுஹைல் ஆட்சேபம் சொன்னார். அச்சொல்லை அழிக்க அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. நாயகம் அவர்களே தம் கையால் அழித்தார்கள். அந்த ஆண்டு உம்ரா செய்யாமல் திரும்பவும் சம்மதித்தார்கள். பட்டம் அவர்களுடையது, பயணத்தின் சிரமமும் அவர்களுடையது, அவர்களோடு வந்தவர்களுடையது.

ஆனால் மூன்றாவதாக ஒன்றும் நடந்தது. அதை மறைத்துவிட்டு வாதிடுவது நேர்மையாகாது. மக்காவிலிருந்து தப்பி வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ஒரு ஷரத்து. மை உலருமுன் சுஹைலின் மகன் அபூஜந்தல் (ரலி) விலங்கோடு வந்து விழுந்தார். அவரை மட்டுமாவது விட்டுவிடும்படி நாயகம் அவர்கள் கேட்டார்கள்; சுஹைல் இணங்கவில்லை. அபூஜந்தல் திருப்பி அனுப்பப்பட்டார். உமர் (ரலி) போன்றவர்களின் நெஞ்சமே அன்று கொதித்தது. பொறுமையாயிருக்கும்படியும், அல்லாஹ் வழி திறப்பான் என்றும் அவருக்கு ஆறுதல் கூறி அனுப்பப்பட்டது. வழியும் திறந்தது. தப்பியவர்கள் அபூபஸீருடன் கடற்கரையில் கூடிக் குறைஷிகளின் வணிகப் பாதையை மறிக்கவே, அந்த ஷரத்தை எடுத்துவிடுமாறு குறைஷிகளே வந்து கேட்கும்படி ஆயிற்று.

பிறகு உக்பாவின் மகள் உம்மு குல்ஸூம் மதீனாவுக்கு வந்தார். அழைத்துப் போக அவருடைய சகோதரர்கள் பின்னாலேயே வந்தார்கள். ஈமான் கொண்ட பெண்களைத் திருப்பி அனுப்பலாகாது என்ற கட்டளை அப்போது இறங்கியது. சூரா மும்தஹினாவின் 10-வது வசனத்தில் அதைக் காணலாம். உடன்படிக்கையைக் காட்டிப் பேசுகிற நம்மவர்கள் பலர் அதற்கு முன்னாலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

பிற சமயத்தார் இதே நெருக்கடியில் எப்படி நடந்துகொண்டார்கள் என்றும் பார்க்கலாம். இங்கிலாந்தில் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பார்லிமெண்டுக்கு முதன்முதல், 1783-ல், மகஜர் கொடுத்தவர்கள் குவேக்கர்கள் எனப்படும் ஒரு சிறு கிறிஸ்தவக் கூட்டத்தார். அவர்களிலும் பெரும்பாலோர் வியாபாரிகளே. பிறரிடம் சட்டம் கேட்பதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, 1761-ல், அடிமை வியாபாரம் செய்பவன் தங்கள் ஜமாஅத்தில் இருக்கலாகாது என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டவர்கள் அவர்கள்.

கூட்டத் தொடர் முடிவது என்றால் என்னவென்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டார்கள். 1804 ஜூன் மாதம் வில்பர்போர்ஸின் மசோதா காமன்ஸ் சபையில் நிறைவேறியது. ஆனால் தொடர் முடியும் தறுவாயாகிவிட்டதால் பிரபுக்கள் சபையில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு காமன்ஸ் சபையிலேயே ஏழு வாக்கு வித்தியாசத்தில் அது தோற்றது. 1807-ல்தான் சட்டமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் பல்லாயிரம் பேர் கப்பலின் அடித்தட்டில் கட்டிக் கொண்டுபோகப்பட்டார்கள். "முழுவதும் கொடு, அல்லது வேண்டாம்" என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுடைய உறுதிக்கான விலையையும் வேறு யாரோதான் கட்டினார்கள்.

வியாபாரம் நின்றதே தவிர, அடிமைத்தனம் நிற்கவில்லை. 1833-ல் மீண்டும் மகஜர்கள் குவிந்தன. பெண்கள் மட்டும் கையெழுத்திட்ட ஒரு மகஜரில் 187,000 பெயர்கள் இருந்தன. அதைச் சபைக்குள் தூக்கி வர நான்கு பேர் தேவைப்பட்டார்களாம். சட்டத்துக்கு ஆகஸ்டு 28-ந் தேதி அரசரின் சம்மதம் கிடைத்தது. மறுநாள் பார்லிமெண்டின் தொடர் முடிந்தது. அதில் விலையாகக் கொடுக்கப்பட்டவை இரண்டு. அடிமைகளின் எஜமானர்களுக்கு 2 கோடி பவுன் நஷ்ட ஈடு. அது சர்க்கார் கஜானாவிலிருந்து போன பணம். மற்றொன்று, விடுதலை பெற்றவர்கள் "தொழில் பழகுநர்" என்ற பெயரில் பழைய எஜமானனிடமே சில ஆண்டுகள் கூலியின்றி உழைக்க வேண்டும் என்பது. வயலில் உழைத்தவருக்கு அது 6 ஆண்டு, வாரத்துக்கு 45 மணி நேரம் வரை. முதல் விலை கேட்டவர்களின் நாடு கொடுத்தது. இரண்டாவதைக் கொடுத்தது அடிமை. அவனை யாரும் கேட்கவில்லை.

இதற்குப் பின் நடந்ததே நம் வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியது. ஜோசப் ஸ்டர்ஜ் என்பவர் பர்மிங்காம் நகரத்துத் தானிய வியாபாரி, குவேக்கர். மது காய்ச்சுவதற்குப் போகும் தானியத்தைத் தம் கடையில் விற்பதில்லை என்று ஒதுக்கிய மனிதர். சட்டம் நிறைவேறியதும் மற்றவர்கள் விருந்து வைத்துக் கலைந்தார்கள். அவரோ 1836-ல் தம் செலவில் கப்பலேறி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். "பழகுநர்" என்ற பெயரின் கீழ் சவுக்கடியும் சிறையும் தொடர்வதைக் கண்ணால் கண்டு, ஊர் திரும்பி எழுதினார், பேசினார். 1838 ஆகஸ்டு 1-ந் தேதி, குறித்த காலத்துக்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே, அந்த ஏற்பாடு ஒழிந்தது. (அவர்கள் விட்ட இடத்தை நிரப்பக் கல்கத்தாவிலும் சென்னையிலும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் நம் தமிழ் மக்களும் உண்டு. அது தனிக் கதை.) 1833-ல் இணங்கியது சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் குறைத்து விற்றதைத் தம் பெயரில் கடனாக எழுதிக்கொண்டு, அதைத் தீர்க்கப் புறப்பட்ட ஒரு வியாபாரி அங்கே இருந்தார்.

இனி நம் வீட்டுக் கதை. 1847-ல் பம்பாயில் கோஜா, மேமன் வியாபாரக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்மக்கள் தகப்பனார் சொத்தில் குர்ஆன் கூறும் பங்கைக் கேட்டு வழக்காடினார்கள். அந்த வகுப்பாரின் பழைய வழக்கப்படி மகளுக்குப் பங்கில்லை என்று சொல்லிக் கோர்ட்டு அவர்களைத் திருப்பி அனுப்பியது. தாய் தந்தையர் விட்டுச்சென்றதில், குறைவானாலும் அதிகமானாலும், பெண்களுக்குப் பங்குண்டு என்று சூரா நிஸாவின் 7-வது வசனம் விதித்திருக்க, முஸ்லிம்களே வழக்கத்தைக் காட்டித் தடுத்தார்கள். பஞ்சாபிலும் இதே கதைதான்.

இந்த அநியாயத்தைத் தீர்க்கவே ஷரீஅத் மசோதா இந்திய மத்திய சட்டசபைக்கு வந்தது. உலமாப் பெருமக்கள் ஆதரித்தார்கள். முஸ்லிம் பெண்களின் சங்கங்களும் வேண்டிக்கொண்டன. வழக்கம் பெண்ணை எவ்வளவு இழிவான நிலையில் வைத்திருக்கிறது என்பதே மசோதாவின் காரண விளக்கத்தில் கூறப்பட்டது. 1937-ல் அது சட்டமானபோது இரண்டு விஷயங்கள் வெளியே நின்றன. விவசாய நிலம் ஒன்று. தத்து, மரண சாசனம், அதன்வழி வரும் கொடை ஆகியவை மற்றொன்று. இவற்றில் தாமாக மனுச் செய்துகொள்பவரை மட்டுமே ஷரீஅத் கட்டும் என்றாயிற்று.

நிலத்தை விட்டதற்குச் சட்டக் காரணம் இருந்தது. 1935-ம் ஆண்டு இந்தியச் சட்டம் விவசாய நிலத்தின் வாரிசு விஷயத்தை மாகாணங்களிடம் கொடுத்துவிட்டது. மத்திய சபை அதைத் தொட முடியாது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கால இந்தியாவில் சொத்து என்றால் பெரும்பாலும் நிலம். பம்பாய்க் கடைக்காரரின் மகளுக்குக் கதவு திறந்தது. பஞ்சாப் மிராசுதாரரின் மகள் வாசலிலேயே நின்றாள். அந்த விதிவிலக்கு பெரிய நிலக்காரர்களுக்கு வருத்தம் தந்திருக்கும் என்று நாம் நம்பவில்லை. மரண சாசனத்துக்கோ அப்படியொரு சட்டத் தடையும் கிடையாது.

1937-ல் இணங்கியவர்களை நாம் பழிக்க வரவில்லை. இணங்காவிட்டால் பம்பாய் மகளுக்கும் ஒன்றும் கிடைத்திராது. ஆனால் விட்டதை யாராவது ஏட்டில் எழுதி வைத்தார்களா என்று கேட்கிறோம். சென்னை மாகாணத்தில் எழுதி வைத்திருந்தார்கள்; 1949-ல் திருத்தச் சட்டம் வந்து, விவசாய நிலம் நீங்கலாக என்ற சொற்கள் அங்கே எடுக்கப்பட்டன. கேரளம் 1963-ல் அப்படியே செய்தது. உத்தரப் பிரதேசத்தில் அது நடக்கவில்லை. 1950-ம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் மகன்களை முன்னால் நிறுத்தி, மணமான மகளை வெகு பின்னால் தள்ளியது. அது முஸ்லிம் குடும்பங்களையும் கட்டியது. ஷரீஅத்துக்கு ஆபத்து என்றால் வீதிக்கு வரத் தயங்காத நம் சமுதாயம், மகளின் நிலத்துக்காக அப்படித் திரண்டு வந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

ஏன் என்று யோசித்தால் பதில் அவ்வளவு இனிப்பாயில்லை. மார்க்கத்தின் பெயரால் நாம் கேட்பவை எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. சில, சர்க்கார் நம் விஷயத்தில் தலையிடாதிருக்க வேண்டும் என்பவை. அவற்றைப் பெறுவதால் நம் கையிலிருந்து ஒரு காசும் போகாது. சில, நம் கையிலிருப்பதை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்கச் செய்பவை. தொடர் முடியும் அவசரத்தில் எந்த வகை முதலில் கழற்றி விடப்படுகிறது என்று பார்த்தால், கேட்க வந்தவரின் உள்ளம் தெரிந்துவிடும்.

நம்மவர்களில் பலர் இங்கே தொழில் செய்தாலும், இராமநாதபுரம், தஞ்சைப் பக்கம் வீடும் வயலும் தோப்பும் உள்ளவர்கள். அங்கே 1949 முதல் சட்டத்தில் குறையில்லை. ஆயினும் தகப்பனார் மௌத்தாகி நாற்பது முடிவதற்குள், "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே" என்று சொல்லிச் சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் குடும்பங்களை நாம் அறிவோம். அவள் மனமுவந்து கொடுத்தால் அது அவளுடைய உரிமை, ஒருவரும் குறை சொல்ல முடியாது. தன் பங்கு எத்தனையில் ஒன்று என்று அறியாமலே கையெழுத்துப் போட்டவள் எதைக் கொடுத்தாள் என்று சொல்வது? அடுத்த தடவை சட்டம் கேட்கப் போகும் தூதுக்குழுவில் அந்தச் சகோதரரும் இருப்பார்.

சிங்கப்பூரில் 1966-ம் ஆண்டு முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்கீழ் ஷரீஅத் கோர்ட்டில் வாரிசுச் சான்றிதழ் வாங்கினால், மனைவி, மகள், தாய் என்று ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவரவர் பங்கு பின்னமாகக் குறிக்கப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் பெயர்கள் மட்டுமே இருக்கும், பங்கு இராது. அந்தக் காலியிடத்தை நிரப்ப ஊர் ஜமாஅத்தில் ஓர் ஆலிமும், ஒரு காகிதமும், அரை மணி நேரமும் போதும். அதற்கு எந்தச் சட்டசபையும் கூட வேண்டியதில்லை.