தெரிந்தவர்கள் பேசாதபோது

ஸ்டொக்ஹோமில் எல்லாவற்றுக்கும் விலை அதிகம். அங்கு தொழில் செய்யும் என் சகோதரியின் மகனோடு ஒரு சனி, ஞாயிறு நூதனசாலைகள் பார்க்கப் போனபோது, ஒவ்வொரு குரோனரையும் மனம் ரூபாயாக மாற்றிக்கொண்டே இருந்தது. "மாமா, இப்படிக் கணக்குப் பார்த்தா இங்க ஒரு கோப்பியும் குடிக்க ஏலாது" என்று அவன் சிரித்தான்.

அவ்வளவு காசு கொடுத்து நாங்கள் பார்த்தது ஒரு தோல்வியை. வாசா நூதனசாலையின் அரையிருளில் நிற்கும் அந்தப் போர்க்கப்பல் 69 மீற்றர் நீளமானது. 64 பீரங்கிகளைச் சுமந்தது. 1628 ஓகஸ்ட் 10ஆம் திகதி தன் முதற் பயணத்தில் சுமார் 1,300 மீற்றர் மட்டுமே சென்று, காற்றுக்குச் சரிந்து, கரையில் நின்றோர் பார்த்திருக்கவே மூழ்கியது. ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். 1961இல் அதனை மேலே எடுத்து, மரம் சுருங்கி வெடிக்காதிருக்க 17 ஆண்டுகள் இரசாயனக் கரைசல் தெளித்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

என்னை உறுத்தியது வேறொன்று. புறப்படுவதற்கு முன்னரே ஒரு பரிசோதனை நடந்தது. 30 பேரைத் தளத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஓடவிட்டார்கள். கப்பல் கவிழ்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் மூன்றாவது ஓட்டத்தோடு நிறுத்தினார்கள். கடற்படைத் துணைத் தளபதியும் அங்கிருந்தார். ஆயினும் கப்பல் புறப்பட்டது. போர்க்களத்திலிருந்த அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடொல்ப் அவசரப்படுத்திக் கொண்டிருந்தார். கப்பலின் அளவுகளை அங்கீகரித்தவரும் அவரே. கட்டத் தொடங்கிய தலைமைத் தச்சரோ முந்திய ஆண்டே இறந்துவிட்டார். விசாரணையில் காரணம் கேட்கப்பட்டபோது ஒருவர், அது இறைவனுக்கே தெரியும் என்றாராம். எவரும் தண்டிக்கப்படவில்லை.

பலர் அறிந்திருந்தும் எவரும் சொல்லாத ஒரு தவறுக்குக் குற்றவாளி யார்? எல்லோரும் என்றால் ஒருவருமில்லை என்றாகிவிடும். ஓடிய மாலுமியும் பார்த்து நின்ற தளபதியும் சமமல்லர். மாலுமி சொல்லியிருந்தால் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். தளபதி சொல்லியிருந்தால் கேட்டிருக்கக்கூடும். ஆகவே, யாருடைய சொல் எடுபடுமோ அவருடைய மௌனமே பாரமானது. அதனினும் பாரமானது, உண்மை சொல்ல அஞ்சும் நிலையை உண்டாக்கியவரின் பொறுப்பு. நம் கை செய்த பிழையை இறைவன்மீது போடுவது ஈமான் ஆகாது, அது தப்பித்தல்.

கப்பலில் கிடைத்த எலும்புக்கூடொன்றை நீண்டகாலம் 'குஸ்தாவ்' என்ற ஆண் பெயரால் அழைத்தனர். அது ஒரு பெண்ணுடையது என்பதை மரபணு ஆய்வின் பின் 2023இல் நூதனசாலையே அறிவித்தது. தம் பிழையைத் தாமே திருத்திச் சொன்ன அந்தப் பண்பு மெச்சத்தக்கது. ஆனால் நானூறு ஆண்டுப் பழைய தோல்வியைக் காட்சிக்கு வைப்பதால் இன்று எவருடைய பதவியும் பறிபோகாது. கட்டிக்கொண்டிருக்கும் கப்பலைப் பற்றிப் பேச இடமிருக்கிறதா என்பதே சோதனை.

பல வருடங்களுக்கு முன் கரும்பலகையில் நான் ஒரு கணக்கைப் பிழையாகச் செய்தேன். "சேர், அது பிழை" என்று எழுந்து சொன்ன பிள்ளையை அதட்டி உட்கார வைத்தேன். கணக்கு பிழை என்பது எனக்கு அப்போதே தெரியும். அந்த வருடம் முழுவதும் அந்த வகுப்பில் வேறெந்தப் பிள்ளையும் எழுந்து நிற்கவில்லை. நான் நன்றாகப் படிப்பிக்கிறேன் என்றே அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.