குறை எதுவும் காணப்படவில்லை

ஜாசினிலிருந்து பத்து பெரண்டாம் தொழிற்பேட்டைக்குக் காரில் அரை மணி நேரம் பிடிக்கும். அந்த வழியில் எந்தப் பெட்ரோல் நிலையத்தின் கழிப்பறை காலை ஆறு மணிக்கே திறந்திருக்கும், எதற்குச் சாவியைக் கவுண்டரில் கேட்டு வாங்க வேண்டும், எந்தச் சூராவின் குழாயில் தண்ணீர் நன்றாக வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த வரைபடம் மூன்று வருடங்களுக்கு முன்பு என்னிடம் இல்லை. பித்தப்பையை எடுத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நானே வரைந்துகொண்டது.

அப்போது எனக்கு 25 வயது. ஒரு கல்யாண விருந்து முடிந்த இரவு, வலது விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி தோள்பட்டை வரை ஏறியது. ஸ்கேனில் கற்கள் தெரிந்தன. அம்மா கேட்டதும் அழுதார். "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்று அடிக்கடி சொல்லுபவர் அவர். எனக்கு இரண்டும் ஒரே பையில் இருந்தன என்று சொல்லி அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். வயிற்றில் நான்கு சிறு துளைகள், இரண்டு நாள் மருத்துவமனை. வேலை முடிந்தது.

பித்தப்பையை முதன்முதலில் வெற்றிகரமாக எடுத்தவர் கார்ல் லாங்கென்புக் என்ற ஜெர்மன் மருத்துவர். 1882 ஜூலை 15, பெர்லின். துளையிட்டு எடுக்கும் முறையை எரிக் மூஹே என்ற இன்னொரு ஜெர்மானியர் 1985இல் செய்து காட்டினார். குதிரைக்கும் மானுக்கும் எலிக்கும் பித்தப்பையே கிடையாது. அது இல்லாமலும் வாழலாம் என்பது உண்மைதான். எடுத்துக்கொண்ட பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். கல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

நான் அந்தப் பெரும்பாலோரில் சேரவில்லை, அவ்வளவுதான்.

என் துறைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பித்தப்பை ஒரு சேமிப்புத் தொட்டி. கல்லீரல் நாளுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. சாப்பிடாத நேரத்தில் தொட்டி அதை வாங்கிக் கெட்டியாக்கி வைத்திருக்கும். கொழுப்புள்ள உணவு வந்ததும் சுருங்கி, தேவையானதை வெளியே விடும். தொட்டியை எடுத்துவிட்டால் பித்தநீர் நாள் முழுக்கக் குடலில் சொட்டிக்கொண்டே இருக்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதி பித்த அமிலத்தின் பெரும் பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்ச முடியாமல் மிஞ்சுவது பெருங்குடலுக்குள் இறங்கினால், அங்கே தண்ணீரை இழுத்து வயிற்றால போக வைக்கும். ஒரு நாசி லெமாக்கின் சந்தான் போதும். நெய் ஊற்றிய ரொட்டி சானாய் என்றால் பதினைந்து நிமிடம்.

ஆறு மாதம் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போனேன். இரத்தப் பரிசோதனை நார்மல். ஸ்கேன் நார்மல். குழாய் விட்டுப் பார்த்தார்கள், அதுவும் நார்மல். "தாக் அடா மசாலா" என்றார் மருத்துவர் சிரித்துக்கொண்டே. பிரச்சினை இல்லையாம். எல்லா மசாலாவையும் விட்டு நாலு மாதமாகியிருந்த எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. "ஸ்ட்ரெஸ் குறைங்க, கல்யாணம் பண்ணிக்கோங்க" என்று வேறொருவர் சொன்னார். வீட்டுக்கு வந்து நானும் யோசித்தேன். கருவி இல்லை என்கிறது. நான் இருக்கிறது என்கிறேன். இரண்டில் யாரை நம்புவது?

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. நான் வேலை செய்வது சில்லு தயாரிக்கும் தொழிற்சாலையில். வாடிக்கையாளர் ஒரு சில்லைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவார். நாங்கள் எங்கள் சோதனைகள் எல்லாவற்றிலும் அதை ஓட்டுவோம். சில சமயம் எல்லாவற்றிலும் அது தேறிவிடும். அப்போது அறிக்கையில் எழுதுவது: நோ ஃபால்ட் ஃபவுண்ட். குறை எதுவும் காணப்படவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வாடிக்கையாளர் பொய் சொல்கிறார் என்றுதான் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டேன். ஒரு மூத்த பொறியாளர் திருத்தினார். "தம்பி, காணப்படவில்லைன்னுதானே எழுதுறோம்? இல்லைன்னு எழுதலையே. அவன் காருக்குள்ள இருந்த சூடு நம்ம டெஸ்ட்ல இருந்துச்சா?" அந்த வாக்கியத்துக்குள் ஓர் அடக்கம் இருக்கிறது. எங்கள் கண்ணுக்கு எட்டியவரை என்பதுதான் அதன் பொருள்.

பித்த அமிலம் எவ்வளவு வீணாகிறது என்று அளக்க செஹ்கேட் என்றொரு ஸ்கேன் இருக்கிறது. பிரிட்டனில் செய்கிறார்கள். அமெரிக்காவில் அது புழக்கத்தில் இல்லை. ஆக, ஒரே குடல் லண்டனில் நோயுள்ளது என்று எண்ணில் பதிவாகும், நியூயார்க்கில் அந்த எண்ணே பிறக்காது. குடல் மாறவில்லை, பக்கத்தில் இருந்த கருவிதான் மாறியது.

ரெனே லெரிஷ் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், உறுப்புகள் சத்தம் போடாமல் இருப்பதையே ஆரோக்கியம் என்றார். அவரோடு வாதாடியபடி தத்துவவாதியும் மருத்துவருமான ஜார்ஜ் கங்கீலெம் 1943இல் தன் ஆய்வேட்டை எழுதினார். அவர் வாதத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: மருத்துவம் என்ற துறை பிறந்ததே யாரோ ஒருவர் "எனக்கு முடியல" என்று சொன்னதால்தான். முறையீடு முதலில் வந்தது, ஆய்வுக்கூடம் அதற்குப் பின்னால் வந்தது. பின்னால் வந்தது முன்னால் வந்ததைப் பொய் என்று சொல்லும்போது கொஞ்சம் தயங்க வேண்டும். திருக்குறளின் மருந்து அதிகாரமும் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பிரித்து, நோயாளியைத்தான் முதலில் வைக்கிறது.

இதை இங்கேயே முடித்தால் எனக்கு வசதி. ஆனால் முழு உண்மை ஆகாது.

பித்தப்பை போன பிறகு என் உடம்பில் நடந்த எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டேன். தலைவலி, தூக்கமின்மை, முடி கொட்டுவது எல்லாம் அந்தக் கணக்கில் போயின. காலையில் வெறும் வயிற்றில் குடித்த தே தாரிக்கை நிறுத்தியதும் பாதி உப்புசம் குறைந்தது. பால்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பித்தப்பைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நான் பொய் சொல்லவில்லை, ஆனால் தவறாகச் சொல்லியிருக்கிறேன்.

அதனால் இப்போது இரண்டைப் பிரித்து வைத்திருக்கிறேன். 'எனக்கு இப்படி இருக்கிறது' என்பது ஒன்று. 'இதனால்தான் இப்படி இருக்கிறது' என்பது வேறு. முதலாவதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் உலகத்தில் இல்லை. இரண்டாவதில் நான் மற்றவர்களைப் போல ஊகிப்பவன், மருத்துவர் என்னைத் திருத்தலாம். இரண்டையும் குழப்பும்போதுதான் சண்டை வருகிறது. என் காரணம் தப்பு என்று காட்டிவிட்டால் என் வலியும் தப்பு என்று அவர் நினைக்கிறார். என் வலி நிஜம் என்பதால் என் காரணமும் நிஜம் என்று நான் பிடிவாதம் பிடிக்கிறேன்.

ஓர் இளம் மருத்துவர்தான் கடைசியில் முதல் கேள்வியை மட்டும் கேட்டார். சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில்? இரவில் எழுப்புகிறதா? என்ன நிறம்? பத்து நிமிடம் கேட்டுவிட்டு, பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமைன் என்ற தூளைக் கொடுத்துப் பார்ப்போம் என்றார். மணலைக் கரைத்துக் குடிப்பது போல இருக்கும். முக்கால்வாசி நாள்கள் இப்போது பரவாயில்லை. கால்வாசி நாள்களுக்கு அந்தச் சாலை வரைபடம் இருக்கிறது.

அன்று கட்டணம் 5 ரிங்கிட் கட்டிவிட்டு வெளியே வந்தபோது பாட்டி ஞாபகம் வந்தது.

பாட்டி அசஹான் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். சாப்பிட்டால் நெஞ்சுக்குக் கீழே அடைக்கிறது, வயிறு பொருமுகிறது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். "பாட்டிக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று பேரப்பிள்ளைகள் நாங்கள் கேலி செய்வோம். அவர் கோபப்பட்டதில்லை. ஒருமுறை மட்டும் சொன்னார்: "டிரசரும் இப்படித்தான்யா சிரிப்பாரு."

தோட்டத்து மருந்தகத்தில் டிரசர் வைத்ததுதான் சட்டம். விடியுமுன் பெரட்டுக்கு வராதவர் அவரிடம் போய் நிற்க வேண்டும். அவர் நாக்கை நீட்டச் சொல்லி, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, நோய் உண்டு இல்லை என்று முடிவு செய்வார். காய்ச்சல் கைக்குத் தெரியும். வயிற்றுப் பொருமல் எந்தக் கைக்குத் தெரியும்? ஒரு அவுன்ஸ் மிக்சரைக் குடிக்கக் கொடுத்து மரத்துக்கு அனுப்பிவிடுவாராம்.

அவரை அறியாமை பிடித்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பாட்டியை நம்பியிருந்தால் ஒரு நிரை மரம் அன்று சும்மா நின்றிருக்கும். கிராணி கேட்பார், கிராணியைத் துரை கேட்பார். ஒருவருடைய வலியை நம்புவதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை யார் கொடுப்பது என்பது தெளிவாகாத இடத்தில், ஆதாரம் போதவில்லை என்று சொல்லிவிடுவது எல்லோருக்கும் சுலபம். வீட்டில் நாங்களும் அதையேதான் செய்தோம். பாட்டியை நம்பியிருந்தால் யாராவது ஒரு நாள் லீவு எடுத்து மலாக்காவுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்திருக்கும். அவருக்கு என்ன நோய் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நான் டுரியான் துங்காலில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டார்.

டிரசரைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு என்னைப் பற்றியும் எழுத வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்கு ஒரு வருடம் முன்பு, எங்கள் லைனில் நேரம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நன்றாகவே செய்தேன். இயந்திரப் பழுது, பொருள் தாமதம் என்று பிரித்து, 'கழிப்பறை' என்று ஒரு தனிப் பத்தியும் போட்டேன். எங்கள் பகுதியில் கழிப்பறைக்குப் போவதென்றால் மேலங்கி, தொப்பி, காலணி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். திரும்பி வரும்போது மறுபடி மாட்டிக்கொண்டு காற்று அறை வழியாக நுழைய வேண்டும். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம். பட்டை வரைபடத்தில் ஒரு ஆப்பரேட்டரின் பட்டை மட்டும் எல்லோரையும்விட உயரமாக நின்றது. ஐம்பதைத் தாண்டிய ஒரு அக்கா. மீட்டிங்கில் அவர் பெயரைச் சொல்லவில்லை, ஊழியர் எண்ணைத்தான் சொன்னேன். அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். "வயிறு சரியில்ல சார்" என்று சொன்னாராம். கிளினிக் சீட்டு கொண்டுவரச் சொன்னார்கள். சீட்டில் ஒன்றும் இல்லை. குறை எதுவும் காணப்படவில்லை. அந்த வருடக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. என் வரைபடம்தான் காரணமா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருந்தது வசதியாக இருந்தது.

திருப்பி அனுப்பப்பட்ட ஒரு சில்லுக்கு நாங்கள் காட்டும் அடக்கத்தை அவருக்கு யாரும் காட்டவில்லை. சில்லை நம்பாவிட்டால் வாடிக்கையாளரை இழப்போம். அக்காவை நம்பாவிட்டால் எங்களுக்கு எந்த இழப்பும் இல்லை.

போன வருடம் அந்த அறிக்கைப் படிவத்தைப் புதுப்பிக்கும் வேலை திரும்ப என்னிடம் வந்தது. 'கழிப்பறை' பத்தியை எடுத்துவிட்டேன். மேலாளர் ஏன் என்று கேட்டார். எனக்கே அந்தப் பத்தியில் இப்போது உயரமான பட்டை இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு மனுஷி தன் உடம்பைப் பற்றிச் சொன்னதை நாம் நம்பவில்லை என்று சொல்லியிருக்கலாம். "அந்த டேட்டா பயன்படுறதில்ல பாஸ்" என்று மட்டும் சொன்னேன். சரி என்றார்.

பத்தி போய்விட்டது. சொல்ல வேண்டியது போகவில்லை. மாசி மகத்தன்று செங் சன்னாசிமலையில் அன்னதான வரிசையில் நின்றபோது, தூரத்தில் அந்த அக்கா மாதிரி ஒருவரைப் பார்த்தேன். கூட்டத்தில் உறுதியாகத் தெரியவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கலாம். கையில் இருந்த இலையில் நெய்ச் சோறு விழுந்தது. பரிமாறிய பெரியவர் "நல்லா சாப்பிடுங்க தம்பி" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டு, வழக்கம்போல, முதலில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.