குழாய் நீரும் ஏழாம் கட்டளையும்

2019 கோடையில் செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது சென்னையே தவித்தது என்றார்கள். எல்லாரும் ஒருபோலத் தவிக்கவில்லை. பணமுள்ளோர் தனியார் லாரியை அழைத்தனர். ஏனையோர் தெருத்தொட்டி முன் குடங்களோடு காத்து நின்றனர்.

ஏரிகள் நிறைந்த ஆண்டுகளிலும் இவ்வேற்றுமை மறைவதில்லை. குழாயில் நீர் வருவது சில மணி நேரமே. வசதியுள்ளோர் இணைப்பிலேயே மின்மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சிக்கொள்ள, கடைக்கோடி வீட்டுக் குழாயில் காற்றே வருகிறது. உள்ளாட்சியினர் கண்டால் மோட்டாரைப் பறிமுதல் செய்வர். நாமோ இதனைப் பாவமென்று எண்ணுவதேயில்லை. பூட்டை உடைத்தோமா, வரி கட்டவில்லையா என்பது நம் வாதம்!

பின்னர் அதே வீட்டார் கடைக்கோடிப் பெண்ணுக்கு ஒரு குடம் நீர் ஊற்றினால் அதற்கு ஈகை என்று பெயர். தூய குடிநீர் அடிப்படை மனித உரிமை எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' மடலில் எழுதினார். அவ்வாறெனில் அக்குடம் ஈகையன்று. அவளுக்குரியதில் ஒரு பகுதி திரும்பி வருகிறது, அவ்வளவே. ஒழுக்க இறையியல் இதனை ஈடுசெய்தல் என்கிறது. அதற்கு நன்றியை எதிர்பார்ப்பது முறையோ?

"ஊரே மோட்டார் வைத்திருக்க நான் மட்டும் கழற்றினால் என் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" என்று ஒரு தந்தை கேட்டால் அதிலும் நியாயமுண்டு. எனவே தெருவாகச் சேர்ந்தே கழற்ற வேண்டும். அன்பியக் கூட்டங்கள் தெருவாரியாகத்தானே கூடுகின்றன? பங்கு இல்லங்களும் இதற்கு விலக்கல்ல.