மறுபடியும் பராபவ

திருக்கடையூரில் என் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். கலசம் கலசமாகத் தண்ணீர் ஊற்றியதில் மாமாவும் அத்தையும் தொப்பலாக நனைந்து நின்றார்கள். அத்தையின் மூக்குத்தியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா பிறந்தது 1966, பராபவ வருஷம். தமிழ் வருஷங்களின் அறுபது பெயர்களும் ஒரு சுற்று முடிந்து, 2026 சித்திரையில் பராபவ திரும்பி வந்துவிட்டது.

"இதுக்கு முன்னாடி எப்பப்பா வந்துச்சு?" என்றான் என் மகன். அவனுக்குப் பன்னிரண்டு வயது.

"1906."

"அதுக்கு முன்னாடி?"

"1846."

அவன் விடுவதாக இல்லை. பந்தியில் உட்கார்ந்ததும் எனக்குத் தெரிந்த பெரிய ஆளை இழுத்தேன். காலத்துக்குத் தொடக்கமே இல்லையென்றால், இன்றைய நாள் வருவதற்குள் முடிவில்லாத நாள்கள் கழிந்து முடிந்திருக்க வேண்டும். முடிவில்லாதது எப்படி முடியும்? 1781-இல் தத்துவவாதி காண்ட் எழுப்பிய சிக்கல் இது. தொடக்கம் உண்டு என்றாலும் சிக்கல்தான் என்று அவரே மறுபக்கத்துக்கும் வாதாடினார்.

பையன் அப்பளத்தை நொறுக்கியபடி, "மைனஸ் நம்பர்ல எதை எடுத்தாலும் பூஜ்யத்துக்கு எண்ணி வந்துடலாமேப்பா" என்றான்.

எனக்குச் சாம்பார் இறங்கவில்லை. எந்தப் பழைய நாளைத் தொட்டாலும் அங்கிருந்து இன்றைக்கு எண்ணி வந்துவிடலாம். முடிவிலியில் எங்கோ ஒரு புறப்பாட்டு இடம் இருப்பதாக நாமே வைத்துக்கொண்டு, அங்கிருந்து எப்படி வந்தோம் என்று திகைக்கிறோம். பெருவெடிப்புக்கு வயது சுமார் 1380 கோடி ஆண்டு. அதற்கு முன் காலம் இருந்ததா என்பதில் இயற்பியல் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால், தொடக்கமற்ற காலம் நடக்கவே முடியாத ஒன்று என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு உறுத்துவது இனி வரப்போகும் முடிவின்மை. மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் இது. 'என்றும் பதினாறு' என்பது அவன் பெற்ற வரம். ஊர்ப்பட்ட ஜோடிகள் மாலையும் கழுத்துமாக வரும் இந்தக் கோயிலின் கதாநாயகனுக்கு மட்டும் அறுபதாம் கல்யாணம் கிடையாது. முடிவில்லாத காலம் கையில் இருந்தும் அவனுக்கு அறுபது வயது வராது. அதை வரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெளியே மாமா ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். பையன் மறுபடி விரல் விட்டு எண்ணினான். அடுத்த பராபவ 2086-இல். அப்போது அவனுக்கு எழுபத்திரண்டு.